பார்னபாஸின் கடவுச்சொல்

திறந்த மனசுக்காரர் என்றொரு இனம் இருக்கிறது. அரிய இனம் என்று நினைத்துவிடாதீர்கள். தலைநகர் கம்பாலாவில் குளிரூட்டிய மண்டபத்தில், மதியச் சாப்பாட்டோடு ஒரு கருத்தரங்கு வைத்துப் பாருங்கள், கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். கழுத்தில் அட்டை தொங்கும். கருத்தரங்கு முடிந்து வாரக்கணக்கான பிறகும் தொங்கும். மடிக்கணினியின் மூடியில் இடமில்லாமல் ஒட்டுப்படங்கள் இருக்கும். ஒன்றில் மரம், ஒன்றில் ஆப்பிரிக்க வரைபடம். மரமே ஆப்பிரிக்க வடிவத்தில் இருந்தால், ஆசாமி அந்த இனத்தில் மூத்தவர் என்று கண்டுகொள்ளலாம்.

குரலை வைத்தும் அடையாளம் காணலாம். "எல்லாம் எல்லாருக்கும் பொது" என்பார். "அறிவுக்கு ஏது வேலி?" என்பார். நீங்கள் அவருடைய பேனாவைக் கேட்டால் மட்டும், மூடியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு தருவார்.

எங்கள் மலையூர் இபாண்டாவுக்கு வாய்த்தவர் பார்னபாஸ் முஹெரெசா. நல்லவர். பின்னால் சொல்ல இடம் கிடைக்காது என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நாங்கள் மாடு வளர்க்கிறவர்கள். விடியலில் கறந்த பாலைக் கேன்களில் அடைத்து, மலைச்சரிவில் மோட்டார் சைக்கிளில் குலுங்கக் குலுங்கப் பால் சங்கத்துக்குக் கொண்டுவருவதற்குள் பாதி வெண்ணெய் ஆகிவிடும். மின்சாரம் தன் இஷ்டத்துக்கு வந்து போகும். டீசல் இயந்திரம் வைத்துக் குளிர்வித்தோம். பாலில் டீசல் வாசமும், சங்கத்துக்குக் கடனும்தான் மிச்சம். அந்த நிலையில் சூரிய ஒளியில் ஓடும் குளிர்தொட்டியைக் கொண்டுவந்தவர் பார்னபாஸ். புகை இல்லை, சத்தம் இல்லை. அதை இயக்குகிற பெட்டிக்குள் இருந்ததோ திறந்த மூல மென்பொருள். யாரும் எடுக்கலாம், படிக்கலாம், மாற்றலாம். திறப்பு விழாவில் அவர் இதைச் சொல்லச் சொல்ல எங்களுக்கே புல்லரித்தது.

சங்கத் தலைவி ஜோவியாவுக்கு மட்டும் புல்லரிக்கவில்லை.

"தம்பி, இந்தப் பெட்டி திடீர்னு நின்னுபோச்சுன்னா நாங்க என்ன பண்றது?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? இது உங்க பெட்டி. உங்க சொத்து."

"சரி. அதோட கடவுச்சொல்லு?"

"அது எங்கிட்ட பத்திரமா இருக்கு."

அதன்பிறகு அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் ஜோவியா கேட்டாள். முதலில், ஒரு பயிற்சி முகாம் நடத்திவிட்டுத் தருகிறேன் என்றார். முகாம் நடந்தது, கோழி வறுவல் நன்றாயிருந்தது, கடவுச்சொல் வரவில்லை. பிறகு, கடவுச்சொல் பகிர்வுக்கென்று ஒரு குழு அமைத்திருப்பதாகச் சொன்னார். குழுவின் தலைவர் யார்? பார்னபாஸ். உறுப்பினர்கள்? அவரேதான். அந்தக் குழுவுக்குக் கூடிப்பேச நேரமே கிடைக்கவில்லை.

இப்படியிருக்கும்போது கம்பாலாவில் ஒரு பெரிய மாநாடு வந்தது. அமைச்சரே முன்வரிசையில் உட்காரப்போகிறார். பார்னபாஸ் மேடையில் பேசுவார், நடுவில் பெரிய திரையில் எங்கள் சங்கம் நேரலையில் தெரியும், ஜோவியா சிரிப்பாள், தொட்டி மின்னும். ஏற்பாடு அருமை. ஆனால் அந்த இனத்துக்கு அருமை போதாது. மாநாட்டுக்கு முந்தைய நாள், கம்பாலாவில் இருந்தபடியே எங்கள் பெட்டியின் மென்பொருளை மாற்றினார். எதற்கு? பெட்டியின் சின்னத் திரையில் தன் படம் வருவதற்கு.

படம் வந்தது. மறுநாள் காலை எல்லாருடைய பாலும் தொட்டியில் இறங்கிய பிறகு, பெட்டி ஒருமுறை அணைந்து எழுந்தது. திரையில் பார்னபாஸ் பல் தெரியச் சிரித்தார். அவருடைய முகவாய்க்குக் கீழே ஒரு கட்டம் கடவுச்சொல் கேட்டது. குளிர்விக்கிற இயந்திரம் மூச்சுவிடவில்லை.

இன்னொரு தடவை பால் சூடாக இருந்தால் இந்தப் பக்கமே வரமாட்டோம் என்று பால் வாங்க வரும் லாரிக்காரர்கள் ஏற்கனவே சொல்லியிருந்தார்கள். மதியம் லாரி வந்துவிடும். ஜோவியா போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். செய்தி வந்தது: "மேடைக்குப் போகிறேன். சிரித்த முகத்தோடு தயாராக இருங்கள்."

"இருக்கேன்டா" என்றாள் ஜோவியா. தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றவன் நான். மண்டபம் தெரிந்தது. கைதட்டல் கேட்டது.

"இதோ, நம்ம ஜோவியா அக்கா! சொல்லுங்கக்கா, இந்தத் தொழில்நுட்பம் உங்க வாழ்க்கையை எப்படி மாத்திச்சு?"

"தம்பி, கடவுச்சொல் என்ன?"

மண்டபம் சிரித்தது.

"அக்கா எப்பவும் தமாஷ்தான். பால் எப்படிக்கா இருக்கு?"

"சூடாயிட்டு இருக்கு. கடவுச்சொல் என்ன?"

"அதை அப்புறமாத் தனியாப் பேசிக்கலாமே..."

"அப்புறம் எங்கிட்ட தயிர்தான் இருக்கும். இப்பவே பேசு."

இப்போது சிரிப்பு குறைந்துவிட்டது. முன்வரிசையில் அமைச்சர் தொண்டையைச் செருமினார்.

"ஏன் தம்பி, எல்லாம் திறந்ததுன்னு இவ்வளவு நேரம் சொன்னீங்களே?"

"திறந்ததுதாங்கய்யா. ஆனா பாதுகாப்புன்னு ஒண்ணு..."

"யார்கிட்டேருந்து பாதுகாப்பு? பால்காரம்மாகிட்டேருந்தா?"

பார்னபாஸ் தண்ணீர் குடித்தார். கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் விடை எழுதியிருப்பதுபோல. ஜோவியா விரலைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"வருங்கால..." என்றார் பார்னபாஸ் மெதுவாக.

"சத்தமா, தம்பி."

"வருங்கால அமைச்சர் பார்னபாஸ். நடுவுல இடைவெளி கிடையாது."

நிகழ்கால அமைச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜோவியா ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். "எடுக்கலையே தம்பி. கடைசியில ஏதாவது உண்டா?"

"ஆச்சரியக்குறி, அக்கா."

"ஒண்ணா?"

"மூணு."

இயந்திரம் ஒரு முனகல் முனகிவிட்டு ஓடத் தொடங்கியது. எங்கள் பக்கம் பெண்கள் குலவையிட்டார்கள். கம்பாலா மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. நெடுநேரம் தட்டியது. முதலில் தலைகுனிந்திருந்த பார்னபாஸ், கைதட்டலின் பாதியில் நிமிர்ந்தார். முடியும்போது, இது தானே திட்டமிட்டுச் செய்துகாட்டிய விளக்கம் என்று மனதார நம்பிவிட்டார். மதியம் லாரிக்காரன் பாலைச் சோதித்து, முகத்தைச் சுளித்து, யோசித்து, கடைசியில் லாரியின் குழாயைத் தொட்டியில் மாட்டினான். எங்களுக்கு உயிர் வந்தது.

அன்று மாலையே ஜோவியா கடவுச்சொல்லை மாற்றினாள். தன் செவலைப் பசுவின் பெயரை வைத்து, சங்கக் கூட்டத்தில் எல்லாருக்கும் உரக்கச் சொன்னாள். அடுத்த மாதம் நைரோபியில் 'கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வது எப்படி' என்று பேச பார்னபாஸுக்கு அழைப்பு. அங்கிருந்து போன் செய்தார்.

"அக்கா, புதுக் கடவுச்சொல் என்ன?"

ஜோவியா தயங்காமல் சொன்னாள்.

"நல்லாருக்குக்கா. ஆனா இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவரும் உங்களைப்போல நன்றாகச் சிரிப்பார். ஆனால் ஊருக்கோ, தெருவுக்கோ, வீட்டுக்கோ பொது என்று நீங்கள் வாய்நிறையச் சொல்லிவருகிற ஏதாவது ஒன்று இருக்குமே, அதன் சாவி இப்போது எங்கே இருக்கிறது? சட்டைப்பையைத் தொட்டுப் பாருங்கள். சங்கடமாக இருக்கும் என்றால், நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.