சேவல் டோக்கன்

பதினொரு வருடமாகத் தேடிய டோக்கன் அன்று காலைத் தபாலில் வந்தது. உறையைப் பிரித்த பூதக்கண்ணாடிக்காரர் முதலில் பார்த்தது காலண்டரைத்தான்: புதன்கிழமை.

அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வுபெற்றவர். மனைவி போனபிறகு அந்த வீட்டில் பேசுவது ரேடியோ மட்டும்தான். போர்க்காலத்தில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது ஊர்க் கடைக்காரர்கள் தாங்களே அடித்துக் கொடுத்த பித்தளை டோக்கன்களைச் சேர்த்துப் பொழுதை ஓட்டினார். நாற்பத்திரண்டு கடை டோக்கன் கிடைத்துவிட்டது. ரொட்டிக் கடையின் சேவல் படம் போட்ட டோக்கன் மட்டும் பாக்கி.

'வைத்திருப்பவர் காட்டவும்' என்று நூலகத்தில் சீட்டு ஒட்டினார். வந்தது ஒரே ஆள், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்.

இரண்டு வருடமாகப் புதன்கிழமை தோறும் நாலு மணிக்கு டீச்சர் ஒரு சேவலோடு வருவார். இவர் லென்ஸ் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். "அடடா, இதுவும் போலியா?" என்பார் டீச்சர். அப்புறம் ஆறு மணிவரை டீயும் பேச்சும்.

அசல் கிடைத்துவிட்டதென்று சொன்னால் அடுத்த புதன்கிழமை யார் வருவார்கள்?

டோக்கனைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டார்.

டீச்சர் வந்தார். புதுச் சேவலும் வந்தது. போலி போலி என்றே சொல்லிக்கொண்டிருந்தால் டீச்சருக்கு அலுத்துவிடாதா?

"இது சந்தேகமா இருக்குங்க. கடைத்தெருவுல பித்தளை சீல் வெட்டுறவர்கிட்ட காட்டுவோமா? அப்படியே காலாற நடந்துட்டும் வரலாம்."

டீச்சர் முகம் வெளுத்தது. "அவருக்குக் கண்ணு சரியில்லைங்க."

"நான்தான் கூட இருக்கேனே!"

"இன்னைக்குக் கடை லீவு."

"காலையில திறந்திருந்துச்சே!"

வழியெல்லாம் டீச்சர் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே வந்தார். பக்கத்தில் ஒருவர் நடந்து வரும் சந்தோஷத்தில் இவர் அதைக் கவனிக்கவில்லை.

கடையில் லென்ஸை எடுக்க இவர் சட்டைப் பைக்குள் கைவிட்டார். அசல் சேவல் துள்ளி, கண்ணாடி மேசைமேல் 'டங்'கென்று விழுந்தது.

"இது ஏதுங்க?" என்றார் டீச்சர்.

"உங்களோடதுதான்."

"என்னோடது கையில இருக்கே!"

"அப்ப... சட்டைப் பட்டனா இருக்கும்."

சீல் வெட்டுகிறவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பட்டனா? அசல் டோக்கன் சார் இது!"

பூதக்கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "காலையில தபால்ல வந்துச்சு. சொன்னா, நீங்க அப்புறம் வரமாட்டீங்களோன்னு..."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

சீல் வெட்டுகிறவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ டீச்சர், அடுத்த புதன்கிழமைக்கு நான் இன்னொரு சேவல் அடிக்கணுமா, வேண்டாமா?"