ஸைனுலாப்தீனின் லேசான முதல் பாட்டு

மருதமுனையின் மாபெரும் இசைப் புரட்சி தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை, ஸைனுலாப்தீன் வீட்டு முன் ஹோலில் தொடங்கியது. முடிந்தது அதே வீட்டுப் பின்வளவுக் கொட்டிலில். இடையில் பதின்மூன்று நாள்.

எட்டு வருடம் பஹ்ரெய்ன் ஹோட்டலொன்றில் தட்டுக் கழுவிவிட்டு வந்த மனிதர் டிவி கொண்டுவரவில்லை, தையல் மிஷின் கொண்டுவரவில்லை. பெடல் ஸ்டீல் கிட்டார் கொண்டுவந்தார். ஹோட்டலில் வாசித்த பிலிப்பைன்காரன் ஊருக்குப் போகும்போது இவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. பார்த்தால் மேசை. மேலே பத்துக் கம்பி, கீழே மூன்று மிதி, முழங்காலால் தள்ள நாலு கொக்கி.

அடுத்த வீட்டுப் பாத்தும்மா அதை மூன்று தரம் சுற்றிவந்தாள். "மருமகேன்... இது உடுப்பு அயன் பண்ற மேசையா?"

"கிட்டார் மாமி."

"ஆரு வாசிக்கிற?"

"நான்தான். எட்டு வருசம் பக்கத்தில நிண்டு கேட்டவன். பழகிறதுக்கு இதில என்ன கிடக்கு?"

கொட்டிலில் சாரன் நெய்துகொண்டிருந்த றுகையா, அவர் மனைவி, தறியை விட்டிறங்கி வந்தாள். அந்தக் கொட்டில் மழைக்கு ஒழுகும். தறியை ஹோலுக்கு மாற்ற வேண்டும் என்று பஹ்ரெய்னுக்கு இரண்டு வருடமாகக் கடிதம் எழுதியவள். இத்தனைக்கும் வீடு அவளுடையது. இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கூரையும் கிணறும் அவளுக்கு, கட்டளை போடும் குரல் மட்டும் அவருக்கு.

"மகள்ட வாப்பா, ஹோல் தறிக்கெண்டுதானே கதச்ச?"

"தறி சத்தம் போடும் புள்ள. இது சங்கீதம்."

"அப்ப ஒண்டு வாசிங்களன்."

"உடன ஏலாது. வாற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, ஜும்ஆ முடிஞ்சு வந்து வாசிக்கன்."

றுகையா கொஞ்சம் யோசித்தாள். "சரி. அண்டைக்கு இதில ஒரு முழுப் பாட்டு வாசிக்கிற ஆளுக்கு ஹோல். மத்த ஆள் கொட்டிலுக்க இருந்து நூல் சுத்தணும். பாத்தும்மா மாமி சாட்சி."

"ஓம்," என்றார் ஸைனுலாப்தீன். நிக்காஹ் அன்றுகூட அவர் இவ்வளவு வேகமாகச் சம்மதம் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே உட்கார்ந்தார். வலக்கை கம்பியைக் கிள்ள வேண்டும், இடக்கை இரும்புத் துண்டை அதன்மேல் வழுக்கி நகர்த்த வேண்டும், கால் மிதிக்க வேண்டும், முழங்கால் தள்ள வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில். கயிற்றில் கழுத்து மாட்டிய கிடாய் போல ஒரு சத்தம் வந்தது. தன்னில் பிழையில்லை, எடுத்த பாட்டுத்தான் கஷ்டம் என்று உடனே கண்டுபிடித்தார். லேசான பாட்டாகப் பார்க்க வேண்டும்.

விடிந்ததும் சைக்கிள் காரைதீவுக்குப் பறந்தது. அங்கே கோயில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்கும் செல்லத்தம்பி இருந்தார்; பழைய கூட்டாளி, மூக்கால் பேசுகிறவர்.

"மச்சான், பழகத் துடங்கிற ஆளுக்கு லேசான பாட்டொண்டு சொல்லு."

"தாலாட்டு. நாலு சுரம்."

ஸைனுலாப்தீன் கொப்பியில் எழுதினார். "அதவிட லேசா?"

"கரைவலை இழுக்கிற பாட்டு. மூண்டு."

"அதவிட?"

"ஐஸ்பழக்காரன்ட மணி. ஒண்டே ஒண்டு."

"அதவிட?"

செல்லத்தம்பி ஆர்மோனியத்தை மூடினார். "சும்மா இருக்கிறது மச்சான். அத நீ எப்பவோ பழகிட்டாய்."

ஸைனுலாப்தீன் சளைக்கவில்லை. தினமும் போனார். கொப்பி நிரம்பியது: அறுபத்து நாலு லேசான பாட்டு. லேசு, மிச்சம் லேசு, பச்சைப்பிள்ளைக்கும் லேசு என்று மூன்றாகப் பிரித்து, சிவப்பு மையால் கோடு போட்டார். பாட்டுத் தெரிவு முடியாமல் கிட்டாரில் கைவைப்பது இசைக்கு மரியாதை இல்லையே. சைக்கிளில் ஏறும்போது மட்டும் உள்ளே பார்த்துச் சொல்வார்: "புள்ள, தூசி படாமத் துடச்சு வை."

"அது நான் பாத்துக்குவன். நீங்க போய் நல்லாத் தேடுங்க."

அந்த வெள்ளி வந்தது. பாத்தும்மா சாட்சிக் கதிரையில் அமர்ந்தாள். ஸைனுலாப்தீன் கரைவலைப் பாட்டைத் தெரிந்தெடுத்திருந்தார். முதல் சுரத்தில் முழங்கால் தவறான கொக்கியைத் தள்ளியது. இரண்டாவதில் கால் மிதியைத் தேடியது. மூன்றாவது சுரம் வரவில்லை. இரும்புத் துண்டுதான் கையை விட்டு வழுகிக் கால் பெருவிரலில் விழுந்தது.

"மருமகேன், பாட்டுத் துடங்கிட்டா, முடிஞ்சிட்டா?"

"கையும் காலும் ஒரே நேரத்தில வேற வேற வேல செய்யிறதெண்டா மனிசனுக்கு ஏலாது மாமி," என்றார் விரலைப் பிடித்துக்கொண்டு. இருபது வருடமாக இரண்டு காலால் தறி மிதித்து, ஒரு கையால் நாடாக் கயிறு இழுத்து, மறு கையால் அடித்து நெய்யும் ஒருத்தியின் முன்னால் இருந்துகொண்டுதான் இதைச் சொன்னார்.

"கொஞ்சம் எழும்புங்க பாப்பம்," என்றாள் றுகையா.

தறியில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தாள். கால் மிதித்தது, கை இரும்புத் துண்டை நகர்த்தியது. மகளை அவள் உறங்கவைத்த தாலாட்டு வந்தது. எட்டு வருடம் அவர் கேட்காத தாலாட்டு. நடுவில் ஒரு சுரம் தடுமாறியது. ஆனாலும் கடைசிவரை போய்ச் சேர்ந்தது. பாத்தும்மா முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள்.

"எப்ப பழகின புள்ள?" என்றார் ஸைனுலாப்தீன்.

"நீங்க லேசான பாட்டுத் தேடிப் போன நாளெல்லாம். எனக்கு ஒரு பாட்டுத்தானே தெரியும். அதையே வாசிச்சுக்கிட்டு இரிந்தன்."

அவர் சாட்சியைப் பார்த்தார். "மாமி, நான் வாசிக்கிறதெண்டுதானே கதை?"

"வாசிக்கிற ஆளெண்டுதான் அவ சொன்ன. நீங்க ஓமெண்ட."

மறுநாள் தறியைக் கழற்றி ஹோலில் பூட்டினார்கள். பக்கத்திலேயே கிட்டார். கொட்டிலில் ராட்டையின் முன்னால் குந்தியிருந்த ஸைனுலாப்தீனின் பத்து விரலிலும் நூல். ஒரு முனையும் அகப்படவில்லை.

"புள்ள, இது சிக்குது."

ஹோலில் தறிச் சத்தம் நின்றது.

"பொறுமையாச் சுத்துங்க. முதல் நாளெண்டு, லேசான நூலாப் பாத்துத்தான் தந்திரிக்கன்."