செபஸ்தியனின் ஐந்தாவது மரணசாதனம்

இலங்கையில் உயிரோடிருப்பவர்களைப் பிரித்தானிய முடி ஆண்டது. செத்தவர்களை ஆண்டவர், மரணசாதனம் என்னும் உயில்களை எழுதும் கொழும்புக் கொட்டாஞ்சேனைப் பிரசித்த நொத்தாரிஸ் நோபேட் துரை. இரண்டில் துரையின் ஆட்சியே மேலானது என்பதை, அவரிடம் பதினாறு வருடம் கிளாக்கராக இருக்கும் பேதுருவாகிய நான் சத்தியம் செய்து சொல்வேன்.

துரையின் கொள்கை ஒன்றே: ‘குடும்பத்தின் சொத்துத் திட்டம் சட்டத்தோடு கூடவே நடக்க வேண்டும்.’ புதுச் சட்டங்கள் வெளியாகும் அரசாங்க கசெற் வெள்ளிக்கிழமை வந்தால் சவரம்கூடச் செய்யாமல் வாசிப்பார். சட்டத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் கட்சிக்காரர்களுக்குத் தபாலட்டை பறக்கும்: ‘தங்கள் மரணசாதனம் காலாவதியாகும் அபாயத்திலுள்ளது. உடன் வரவும்.’

இந்தப் பாக்கியத்தை அதிகம் அனுபவித்தவர் செபஸ்தியன். துறைமுகத்தில் முப்பது வருடம் கிறேன் இயக்கி, கொட்டாஞ்சேனையில் சின்ன வீடொன்று கட்டியவர். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. மனைவியின் தங்கை மகள் றஞ்சிதம்தான் பதினொரு வருடமாக அவருக்குச் சமைத்து, துவைத்து, மூச்சிழுப்பு வரும்போது முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அதே கொழும்பில், வெள்ளவத்தையில், றேமண்ட் என்றொரு தம்பியும் இருந்தார். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அண்ணனை ‘நினைத்துக்கொள்வார்’. வந்ததாகத் தகவல் இல்லை.

செபஸ்தியனின் ஆசை சின்னது: “என்ர வீடு றஞ்சிதத்துக்கு.” இந்த ஒரு வரியைத் துரை பதினான்கு பக்கங்களுக்கு ‘விளக்கினார்’. பிறகு சட்டம் மாற மாற மூன்று முறை புதுப்பித்தார்.

1938இல் மரணச் சொத்து வரிச் சட்டம் மாறியது. துரையின் முகம் திருநாள் கண்டதுபோல் மலர்ந்தது. தபாலட்டை போயிற்று. செபஸ்தியன் மூச்சிரைக்க வந்து, றஞ்சிதத்தை வெளியே கிடந்த வாங்குப் பலகையில் இருத்திவிட்டு உள்ளே நுழைந்தார்.

“முதல்ல பழையதைக் கிழிக்க வேணும், செபஸ்தியன்.”

“புதுசில கையெழுத்து வைச்சிட்டுக் கிழிப்பமே, ஐயா?”

“ரெண்டும் ஒண்டாக் கிடந்தால் நீதிபதி எதை நம்புவார்? ஒரு மனிசன் ரெண்டு தரம் சாகேலுமோ?”

இந்தத் தர்க்கத்தைக் கேட்டுச் செபஸ்தியனுக்கு இருமல் வந்தது. இருமி முடித்துத் தலையாட்டினார். துரை பழைய சாதனத்தை என்னிடம் நீட்டினார். நான் கிழித்தேன். நெடுக்கே ஒருமுறை, குறுக்கே ஒருமுறை. எங்கள் அலுவலகத்தில் எதுவும் ஒழுங்காகவே நடக்கும்.

பத்து நாளில் ஐந்தாவது சாதனம் தயாரானது. சாட்சிகள் இருவரும் வந்து அமர்ந்த வேளையில் துரைக்கு ஒரு செய்தி எட்டியது. அதே சட்டத்துக்குத் திருத்தம் ஒன்று வரப்போகிறதாம்.

“பொறுப்பம்,” என்றார் துரை.

“ஐயா, எனக்கு நெஞ்சை அடைக்குது. இதிலயே வைக்கிறன்.” செபஸ்தியன் பேனையை எடுத்தேவிட்டார்.

துரை அதை அன்போடு பிடுங்கினார். “பழசாகப்போற சட்டத்தில கையெழுத்து வைச்சால் உங்களுக்குத்தான் மானக்கேடு. திருத்தம் வரட்டும்.”

“அதுக்கிடையில நான் செத்தால்?”

“அவசரப்படாதேங்கோ.”

செபஸ்தியன் அவசரப்பட்டுவிட்டார். மூன்றாம் வாரம் ஞாயிறு காலை, றஞ்சிதம் பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவர் உயிர் போயிருந்தது. திருத்தம் வரவேயில்லை.

செத்த வீட்டுக்கு றேமண்ட் றெயிலேறி வந்தார். பெட்டியைப் பார்த்து அழுதார். அழுகைக்கு நடுவே கூரையையும் பார்த்துக்கொண்டார். மரணசாதனம் இல்லாதவரின் சொத்து இரத்த உறவுக்கு. மனைவியின் தங்கை மகள் இரத்தமல்ல. முதுகு தடவியவள் மட்டுமே. றஞ்சிதம் ஜிந்துப்பிட்டியில் ஒரு வாடகை அறைக்குப் போனாள்.

வீடு கைக்கு வந்த வாரமே றேமண்ட் தமக்கொரு மரணசாதனம் கேட்டு வந்தார். பிற்பகலுக்குள் கையெழுத்தாயிற்று.

“சேர், திருத்தம் ஏதும் வந்தால்?” என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

“இவருக்கு அது தேவைப்படாது, பேதுரு. அந்த வீட்டு முன்னறையை எங்கட ஒபீசுக்கு வாடகையில்லாமல் தாறார்.”

இப்போது நாங்கள் அங்கேதான் இருக்கிறோம். நல்ல காற்றோட்டம். சென்ற மாதம் றஞ்சிதம் தன் தையல் மெசினை எடுத்துப்போக வந்தாள். துரை கருணையோடு ஆறுதல் சொன்னார்.

“பிள்ளை, உம்மட பெரியப்பான்ர காரியத்தில எங்களிட்ட ஒரு பிழையும் இல்லை. புதுச் சட்டத்துக்கு ஏற்ற மாதிரி எல்லாம் தயாராய் இருந்தது.”

“பழசில என்ர பேர் இருந்ததே, ஐயா. அதை ஆர் கிழிச்சது?”

“சட்டம்,” என்றார் துரை.

“சட்டத்துக்குக் கை இருக்கோ?”

துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். நான் என் கைகள் இரண்டையும் மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன்.