செவலைக் கோழி பறந்த கணக்கு

ஒரு காட்டில் விமானம் கட்டினார்கள். ஓடை வறண்டு கிடந்தது. தண்ணீர் கேட்டுப் போனவர்களிடம், "முதலில் பறப்போம்" என்று சிங்கராஜா சொல்லிவிட்டார்.

இறக்கை யானையின் இலாகா. மூக்கில் சுழலும் விசிறி கரடியின் இலாகா. இருவருக்கும் ஒரு பலாமரத்தில் தொடங்கிய பகை. ஒருவர் கொட்டகையில் மற்றவர் கால் வைப்பதில்லை. ஆகவே யானை, விசிறியே இல்லாத இறக்கைக்குக் கணக்குப் போட்டது. கரடி, இறக்கையே இல்லாத விசிறிக்குப் போட்டது. இரண்டு கணக்கையும் ஒரே அறிக்கையாகச் சேர்த்துத் தைத்த நரி, "விமானம் நேராகப் பறக்கும்" என்று எழுதி முடித்தது.

ஓட்ட ஆள் வேண்டுமே. சிறகிருந்தும் சும்மா திரிகிறாள் என்று செவலைக் கோழியைப் பிடித்து வந்தார்கள்.

ஏறுமுன் செவலை, ஓடும் விசிறிக்குப் பின்னால் நின்று சிறகை விரித்துப் பார்த்தது. காற்று நேராக வரவில்லை, முறுக்கிக்கொண்டு வந்தது. ஒரு சிறகைத் தூக்கியது, மறு சிறகை அமுக்கியது. செவலை உருண்டு போய்ப் புதரில் விழுந்தது.

"யானையண்ணே, இந்தக் காற்று உங்கள் கணக்கில் இருக்கிறதா?"

"அது விசிறிக் காற்று. கரடியைக் கேள்."

"கரடியண்ணே?"

"என் விசிறியைத் தாண்டிய காற்றுக்கு நான் பொறுப்பில்லை, தாயி."

"நடுவில் சாகப்போகிறவள் யார் பொறுப்பு?"

நரி தொண்டையைச் செருமியது. "அதற்கு இன்னும் இலாகா அமைக்கவில்லை."

செவலை முன்பு தீவனம் கேட்டு நடந்த மறியலில் அடிபட்ட கோழி. கத்தினால் தொண்டைதான் போகும் என்று அதற்குத் தெரியும்.

"கணக்கில் விமானம் நேராகத்தானே போகிறது?"

"அம்புபோல" என்றது நரி.

"அப்படியானால் என்னையும் கணக்கிலேயே ஏற்றிவிடுங்கள். இறங்கியதும் சொல்லியனுப்புங்கள்."

நரியின் முகம் மலர்ந்தது. கோழி கணக்கில் ஏறி, கணக்கில் காட்டைச் சுற்றி, கணக்கில் இறங்கியது. சிங்கராஜா நிஜமாகவே மாலை போட்டார். யானைக்கும் கரடிக்கும் தனித்தனி மேடையில் பட்டயம் கொடுத்தார்கள். விமானம் இன்னும் தரையில்தான் நிற்கிறது. அதன் இறக்கை நிழலில் செவலை அடைகாக்கிறது.

நீதி: அரசாங்க விமானத்தில் ஏறச் சொன்னால் மறுக்காதே, அறிக்கையில் ஏறிக்கொள்.