பால்டியில் பிள்ளையார்

"இன்னைக்கு ஒரு நாளைக்கு குக்கர்ல தண்ணி புடிச்சுக் குளிங்களேன்," என்றாள் சங்கரேஸ்வரி.

துண்டோடு நின்ற கணவன் ராஜசேகர் பாத்ரூமுக்குள் எட்டிப் பார்த்தான். வீட்டில் வாளி என்று இருந்த ஒரே பிளாஸ்டிக் பால்டியில், கலங்கிய தண்ணீருக்கு அடியில், ஒரு சாண் உயரப் பிள்ளையார் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் மத்தியானம் உள்ளே போனவர்.

"இன்னுமா கரையல?"

"மண்ணுப் பிள்ளையாரு ரெண்டு மணி நேரத்துல கரைஞ்சிருவாருன்னுதான் வீடியோல சொன்னாங்க."

"எனக்கு ஐரோலி பஸ்ஸு ஏழே முக்காலுக்கு. அதுக்குள்ள கரைவாரா?"

அவன் குக்கரில் குளித்துவிட்டுக் கிளம்பினான். வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னான்: "புள்ளைய ஸ்கூல்லயே விட்டிருந்தா இதெல்லாம் அவங்க பால்டில நடந்திருக்கும்."

அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. களைப்பாகச் சொன்னதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

ஜூனில்தான் மகள் முத்துமாரியைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்தாள். ஒன்பது வயது. அதிகம் கேள்வி கேட்கிறாள் என்று வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்களாம். "நானே சொல்லிக் குடுத்துக்கிறேன்," என்று சங்கரேஸ்வரி வீறாப்பாகக் கூட்டி வந்துவிட்டாள். "சதுர்த்தி வரைக்கும் பாப்போம்," என்று ராஜசேகர் தவணை கொடுத்தான்.

மும்பை மாட்டுங்காவில் இதேபோல வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் ஐந்து பேர் சேர்ந்து, பண்டிகைக்கு ஒரு அறிவியல் பாடம் என்று வைத்திருந்தார்கள். கோகுலாஷ்டமிக்கு உறியும் கப்பியும். கயிற்றை இழுத்ததில் உறி மேலே போகவில்லை; ஜன்னல் கம்பி கீழே வந்தது. சதுர்த்திக்கு, களிமண்ணை அச்சில் அழுத்திப் பிள்ளையார் செய்து, முன்னதாகவே தண்ணீரில் கரைத்து, எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் அதைப் பேசிக் காட்டவேண்டும்.

வியாழன் மத்தியானம் பிள்ளையாரைத் தண்ணீரில் வைத்துவிட்டு, அம்மாவும் மகளும் நூலகத்துக்குப் போனார்கள். ஆறு மணிக்குத் திரும்பினால், அவர் வைத்தபடியே இருந்தார்.

"வெந்நீ ஊத்திப் பாருங்க," என்று குழுவில் ஒருத்தி எழுதினாள். வெள்ளியன்று சங்கரேஸ்வரி கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். பால்டி ஒரு பக்கம் புடைத்துக்கொண்டது.

"வினிகர் ஊத்துங்க," என்றாள் இன்னொருத்தி. வீடு முழுக்க ஊறுகாய் ஜாடி மாதிரி நாறியது. பிள்ளையார் முன்னைவிடப் பளிச்சென்று ஆனார்.

"அம்மா, இதை நான் எப்படி எழுதட்டும்?"

"கொஞ்ச நேரம் சும்மா இருட்டி."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்திலும் இதையேதான் சொன்னார்கள்.

சனிக்கிழமை மாலை, கதவைச் சாத்திக்கொண்டு மூன்று தோப்புக்கரணம் போட்டாள். "மன்னிச்சுக்கோப்பா," என்று கண்ணை மூடியபடி அம்மிக் குழவியை ஓங்கினாள். குழவி வழுக்கிக்கொண்டு போய்த் தரை டைலைப் பிளந்தது. பிள்ளையாருக்கு ஒரு கீறல் இல்லை.

ராஜசேகர் வந்து உடைந்த டைலைப் பார்த்தான். போய் டீ போட்டான். அவளுக்கும் ஒரு தம்ளர் கொண்டு வந்து வைத்தான்.

"திங்கக்கிழமை ஸ்கூல்ல போய் ஃபாரம் வாங்கிட்டு வந்துருங்க. என்னால முடியல," என்றாள் அவள்.

கதவோரம் நின்ற முத்துமாரி மெதுவாகக் கேட்டாள். "அப்போ இனிமே கேள்வி கேக்கக் கூடாதாம்மா?"

சங்கரேஸ்வரி மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டீ ஆறியது.

ஞாயிறு காலை சங்கரேஸ்வரி பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டு வேலைக்கு வரும் பேராச்சி, வெள்ளியும் சனியும் லீவு முடிந்து, தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். உடைந்த டைலையும், புடைத்த பால்டியையும், சங்கரேஸ்வரியின் வீங்கிய கண்ணையும் பார்த்தாள். அவள் முகம் வெளிறிவிட்டது.

"கண்டுபுடிச்சிட்டியளாக்கா?"

"எதை?"

"ஏசாதீயக்கா. வியாழக்கிழமை மூணு மணிக்கு நான் வந்து பாக்கேன், பால்டில வெறும் சேறுதான் கெடக்கு. பாப்பா பூசைக்குச் செஞ்ச சாமியாச்சே, பழி என் மேல விழுமேன்னு பயந்துட்டேன். தாராவிக்கு பஸ்ஸு புடிச்சு ஓடி, அதே மாதிரி கரையாத பிளாஸ்டர்ல ஒண்ணு வாங்கியாந்து, அந்தச் சேத்தையே பூசி உள்ள வச்சேன்."

சங்கரேஸ்வரி பால்டிக்குள் கையை விட்டுப் பிள்ளையாரை நகத்தால் சுரண்டினாள்.

பேராச்சி பால்டியைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த குழவியைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

"ஏங்க்கா... கரையட்டும்னுதான் போட்டியளா?"