ஒரே மூச்சில் விழுந்த டாக்டரம்மா

நோயாளிக்கு முன்னால் மயங்கி விழுந்த டாக்டர்கள் சிலர் இருக்கலாம். தன் ஆராய்ச்சியைத் தானே முகர்ந்து விழுந்தவள், எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் மயக்கவியல் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ('அப்ப நெஜ டாக்டர் எப்பங்க ஆவீங்க?' என்று சொந்தக்காரர்கள் அக்கறையாக விசாரித்த காலம்.) வழக்கமாக மாஸ்க் வழியாக மயக்க வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்போம். அதற்குப் பதில், மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, வாயுவை ஒரே இழுப்பில் நெஞ்சு நிறைய இழுத்து அடக்கினால், நோயாளி சீக்கிரமாகவும் பத்திரமாகவும் தூங்குகிறாரா என்பதுதான் என் ஆராய்ச்சி. உலகமே என் முடிவுக்காகக் காத்திருப்பதாக எனக்கு நினைப்பு.

அவிநாசிப் பக்கமிருந்து வந்த பழனியம்மாள் அதற்குச் சம்மதித்திருந்தார். கர்ப்பப்பையில் கட்டி; ரத்தம் போய்ப் போய் ஆளே வெளுத்திருந்தார். ஏற்கெனவே ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை வந்து, பயந்து ஊருக்குத் திரும்பியவர். இந்த முறையும் போனால் உயிருக்கே ஆபத்து என்று சர்ஜன் சொல்லியிருந்தார்.

மேஜையில் படுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க அம்மணி, தூங்கறதுக்குப் பயமில்லீங்க. மறுக்கா எந்திரிப்பனுங்களா?"

"கண்டிப்பா எந்திரிப்பீங்க. நேத்துச் சொல்லிக்குடுத்த மாதிரி மூச்சு இழுத்தாப் போதுங்க."

"அது மறந்துபோச்சுங்க. ஒருக்கா நீங்க செஞ்சு காட்டுங்க."

பின்னால் பேராசிரியர் நின்றிருந்தார். அவர் முன்னால் பாடம் நடத்தும் வாய்ப்பை விடுவேனா? மாஸ்க்கை எடுத்தேன். முந்தின நாள் காட்டியது வெறும் மாஸ்க். இதனோடு இணைத்திருந்த பையில் மயக்க வாயு நிரம்பியிருந்தது. நிரப்பியவளும் நானேதான். (அது அப்போது நினைவுக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) மூச்சை முழுக்க விட்டேன். மாஸ்க்கை முகத்தில் அழுத்தி நெஞ்சு நிறைய இழுத்தேன். இனிப்பாக ஏதோ வாசனை வந்தது. அப்போதும் பாடத்தை நிறுத்தாமல், மூச்சை அடக்கியபடி விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் எது என் விரல் என்றே தெரியவில்லை.

கண் விழித்தபோது ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். பேராசிரியர் என் தாடையைப் பிடித்து ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தார். பழனியம்மாளோ மேஜையில் எழுந்து உட்கார்ந்து, பச்சைத் துணியால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"உன்னையே ஆராய்ச்சில சேத்திருப்பேன். சம்மதக் கையெழுத்துப் போடலையேம்மா," என்றார் பேராசிரியர்.

மறுபடியும் மயங்கிவிடலாமா என்றிருந்தது. என் படிப்பு போகட்டும், இந்தம்மா இனி நிச்சயம் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார் என்று நினைத்தேன்.

பழனியம்மாள் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "வலிச்சுதா கண்ணு?"

"இல்லீங்க."

"கெட்ட கனா ஏதாச்சும்?"

"ஒண்ணுமே இல்லீங்க."

அவர் நிதானமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு பேராசிரியரிடம் சொன்னார்: "இந்தப் புள்ள போயிட்டுத் திரும்பி வந்துருச்சல்லங்க. எனக்கும் வைங்க சாமி."

பேராசிரியரே பழைய முறையில் மயக்கம் கொடுத்தார். என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் பழனியம்மாள் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் புள்ளைக்கு இப்பத் தேவலைங்களா?" என்பதுதானாம். நர்ஸ் வந்து சொன்னதும் நான் அழுதுவிட்டேன்.

மறுநாளிலிருந்து, மருந்து நிரப்பிய பைக்குச் சிவப்பு நாடா கட்டவேண்டும், செய்து காட்டுவதற்கு எதிலும் இணைக்காத தனி மாஸ்க்தான் என்று பேராசிரியர் உத்தரவு போட்டார். அதற்குப் பிறகு அங்கே யாரும் தவறி முகரவில்லை. என் ஆராய்ச்சியும் ஒருவழியாக ஒப்பேறியது.

பழனியம்மாள் என் கல்யாணத்துக்குத் தேங்காய் மூட்டையோடு வந்தார். பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு நடுவில் உட்கார்ந்து, விசிறிய கதைவரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கும் டிவி முன்னால் நான் கண்ணயர்ந்தால், மாமியார் என் பிள்ளைகளை அடக்குவார்:

"எழுப்பாதீங்க கண்ணு. உங்கம்மா யாருக்கோ தைரியம் சொல்லிட்டிருக்கா."