நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை

ரிங்லெட்,
14.9.1979

அன்பு மகன் அர்ஜுனனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் குளிரும் சௌக்கியம். லண்டனில் மனோதத்துவம் படிக்கிற நீயும், உன்னைச் சோபாவில் படுக்கவைத்து மனத்தைக் கிண்டும் அந்த டாக்டரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உன் பதினோரு பக்கக் கடிதத்தை முதலில் கண்ணாடி இல்லாமல் படித்தேன். நம்ப முடியாமல் கண்ணாடி போட்டு மறுபடியும் படித்தேன். பிறந்த குழந்தைக்குத் தாய் முழு ஆளாகத் தெரியமாட்டாளாம். பசித்ததும் வருகிற நல்ல மார்பு ஒன்று, வராத கெட்ட மார்பு ஒன்று என்றுதான் தெரியுமாம். நான் கெட்டது. அதனால்தான் முப்பத்திரண்டு வயதிலும் அடியில்லாத பள்ளத்தில் விழுகிற மாதிரி இருக்கிறதாம், அதனால்தான் இந்தத் தீபாவளிக்கும் வரமாட்டாயாம். கான்வென்டில் மார்பு என்ற சொல்லை எழுதியிருந்தால் சிஸ்டர் என் மைக்கூட்டையே சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லியிருப்பார். உனக்கு அதற்குப் பட்டம் தருகிறார்கள்.

நீ தேயிலைத் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதிய பெரிய கிராணி வீட்டுப் பிள்ளை. கூலிக்காரர் லயத்துப் பிள்ளைகளோடு ஆயாக் கொட்டகையில் உன்னைப் போடவில்லை. வெள்ளைக்காரத் துரைசானி கொடுத்த பிள்ளை வளர்ப்புப் புத்தகத்தில் உள்ளபடி, சுவர்க் கடிகாரம் பார்த்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுத்தேன். நடுவில் நீ கத்தினால் அறைக் கதவைச் சாத்திவிட்டு முன்கூடத்தில் தையல் போட்டேன். மூன்றே வாரத்தில் கத்துவதை விட்டுட்டே. துரைசானியே வந்து மெச்சினாள். எந்தப் பள்ளத்துல விழுந்தியாம்? தொட்டிலுக்கு அடியில சிமெண்டுத் தரை, ரெண்டு அடிகூட இல்லை. சாட்சி வேண்டுமானால், அப்போது நம் வீட்டில் துணி துவைத்த காளியம்மாவைக் கேட்டே எழுதுகிறேன். உன் அப்பா இருந்திருந்தால் இந்த வயதில் எனக்குச் சாட்சி தேட வேண்டியிருக்காது.

தலைக்கு எண்ணெய் வை. கடவுள் உனக்குச் சுகத்தையும் கொஞ்சம் வெட்கத்தையும் கொடுக்கட்டும்.

உன் அம்மா,
சாரதா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் காளியம்மா காய்கறி லோரியில் கீரையோடு வந்து இறங்கினாள். கேட்டேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீங்க கதவச் சாத்துனதும் நான் பின்னால ஜன்னல் வழியா பூந்துருவேன் லா, கிராணியம்மா. எம்புள்ளைக்கு ஒரு பக்கம் பாலு, நம்ம தம்பிக்கு ஒரு பக்கம். அதுக்குக் கடியாரம் பாக்கத் தெரியாதுல்ல."

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க கேக்கலியே."

ஆகவே உன் டாக்டரிடம் சொல், அவர் சொன்னது சரி. நல்லது கம்போங் ராஜாவில் காளியம்மாவின் மகன் வீட்டில் இருக்கிறது. தீபாவளிக்கு அவளைப் பார்க்கவாவது வா. தாப்பாவிலிருந்து மலை ஏறினால் என் வீடு வழியில்தான். கதவைச் சாத்தமாட்டேன்.